பென்லிஸ்டா மதிப்புரை: கொல்லாது, பட்டினி போடும்

நோயெதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்கும் லூபஸ் நோய்க்குப் பென்லிஸ்டா என்ற மருந்தைப் போட்டுக்கொள்பவர்கள் மத்தியில் இரண்டு விதமான பேச்சு அடிபடும். "மூணு மாசமாப் போட்டாச்சு, ஒரு வித்தியாசமும் தெரியலை" என்பது ஒன்று. "வருஷம் திரும்புறதுக்குள்ள ஸ்டீராய்டு பாதியா இறங்கிடுச்சு" என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே ஆளின் வாயிலிருந்தே வரவும் கூடும். ஸ்டீராய்டு போல எதையும் உடனடியாக அடக்குகிற மருந்து அல்ல இது. பி செல்கள், அதாவது ஆன்டிபாடி என்ற நோயெதிர்ப்புப் புரதத்தை உண்டாக்கும் வெள்ளணுக்கள், உயிர் வாழத் தேவையான ஒரு புரதத்தை இரத்தத்திலேயே மடக்கிப் பிடித்து, அந்தச் செல்களைப் பட்டினி போடுகிறது. எந்தச் செல் அந்தப் புரதத்தை நம்பிப் பிழைக்கிறது, எது அது இல்லாமலும் தாக்குப்பிடிக்கிறது என்று பிரித்துப் பார்த்துவிட்டால், இதன் நிறை குறை இரண்டும் விளங்கிவிடும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள் எதைச் செய்ய வேண்டும் என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது.

மருந்தின் பொதுப்பெயர் பெலிமுமாப். மனித ஐஜிஜி1 வகை ஆன்டிபாடி. ஹியூமன் ஜீனோம் சயின்ஸஸ், கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன் என்ற இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து கொண்டுவந்தது. 2012-ல் முன்னதைப் பின்னது வாங்கிவிட்டது. அமெரிக்காவில் 2011 மார்ச் 9 அன்று அனுமதி கிடைத்தது. அதற்கு முன் லூபஸுக்கென்று அங்கே மருந்து அனுமதிக்கப்பட்டது 1955-ல். இடையில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வெறும் வெளி. 2019-ல் 5 வயதும் அதற்கு மேலும் ஆன குழந்தைகளுக்கு டிரிப்பாகவும், 2020 டிசம்பரில் லூபஸ் சிறுநீரக அழற்சிக்கும் அனுமதி நீண்டது.

இது பிடிக்கும் புரதத்தின் பெயர் பாஃப். 1999-ல் பல ஆய்வகங்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இதைக் கண்டுபிடித்து, ஒரே பிள்ளைக்கு ஆளுக்கொரு பெயர் வைத்தன. பிலிஸ், தால்-1 எல்லாம் இதேதான். மருந்துத் தாளில் பிலிஸ் என்றும் ஆய்வுக் கட்டுரையில் பாஃப் என்றும் வந்தால் குழம்ப வேண்டியதில்லை. 285 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியாக முதலில் செல்லின் மேல்தோலில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு நொதி அதை வெட்டிவிட, வெளித்துண்டுகள் மும்மூன்றாகச் சேர்ந்து இரத்தத்தில் மிதக்கும். பெலிமுமாப் பிடிப்பது இந்த மிதக்கும் பாஃபைத்தான்.

எலும்பு மஜ்ஜையில் பி செல் பிறக்கும்போது பாஃப் தேவையில்லை. மஜ்ஜையை விட்டு வெளியேறி, இன்னும் முதிராத இடைநிலைச் செல்லாக மண்ணீரலுக்கு வந்து சேரும்போதுதான் தேவை தொடங்குகிறது. பாஃப் மரபணுவை நீக்கிய எலிகளில் மஜ்ஜைக்குள் பி செல் உற்பத்தி ஒழுங்காகவே நடந்தது. மண்ணீரலில் முதிர்ந்த பி செல்தான் ஏறக்குறைய இல்லாமல் போனது. அதாவது பாஃப் பிறப்பைத் தீர்மானிப்பதில்லை, பிழைப்பைத் தீர்மானிக்கிறது.

செல்லுக்குள் நடப்பதையும் கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் மருந்தின் மந்தகதிக்கு விடை அங்கேதான் இருக்கிறது. பி செல்லுக்குள் நிக் என்றொரு நொதி ஓயாமல் உற்பத்தியாகிறது. உற்பத்தியான வேகத்திலேயே அழிக்கவும்படுகிறது. அழிக்கும் கும்பலுக்கு அதை அடையாளம் காட்டிக்கொடுப்பது டிராஃப்3 என்ற புரதம். பாஃப் வந்து, செல்லின் வெளியில் அதைப் பிடித்துக்கொள்ளும் புரதமான ஏற்பியில் உட்கார்ந்ததும் டிராஃப்3 அந்தப் பக்கம் இழுக்கப்பட்டு, அங்கேயே அழிக்கப்படுகிறது. காட்டிக்கொடுக்க ஆள் இல்லாததால் நிக் சேர்கிறது. அது பி100 என்ற புரதத்தை நறுக்கி பி52 ஆக்க, பி52 தன் துணையுடன் உட்கருவுக்குள் போய், செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளாமல் தடுக்கும் மரபணுக்களை இயக்குகிறது. இதில் 'ஆன்டிபாடி சுரப்பாய்' என்ற கட்டளை எதுவும் இல்லை. 'சாகாமல் இரு' என்பது மட்டும்தான். ஆகவே பாஃப் நின்றவுடன் ஆன்டிபாடி சுரப்பும் நின்றுவிடாது. புதிதாக வந்த பி செல்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, அவற்றின் வாரிசுகள் குறைந்து, அதற்குப் பிறகுதான் ஆன்டிபாடி குறையும். வாரக் கணக்கில், மாதக் கணக்கில்.

லூபஸில் பாஃபுக்கு என்ன வேலை? ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளலாம். உடம்பின் சொந்தப் பொருளையே பகை என்று பிடிக்கும் பி செல்கள் எல்லோரிடமும் கொஞ்சம் உருவாகத்தான் செய்கின்றன. சொந்தப் பொருள் சதா சர்வ காலமும் முட்டிக்கொண்டே இருப்பதால் அவை நலிந்துபோய், மற்றச் செல்களைவிடக் கூடுதல் பாஃப் இருந்தால்தான் பிழைக்கும் நிலைக்கு வருகின்றன. சரக்கு அளவாக இருக்கும்வரை வரிசையில் இவை தோற்றுவிடும். சரக்கு கொட்டிக் கிடந்தால் இவையும் பங்கு வாங்கி உள்ளே நுழைந்துவிடும். எலியில் பாஃபை வேண்டுமென்றே அதிகம் சுரக்கவிட்டபோது டிஎன்ஏவுக்கு எதிரான ஆன்டிபாடியும் சிறுநீரகப் படிவும் சேர்ந்து லூபஸ் போன்ற நோய் வந்தது. மனிதர்களிலும் சான்று உண்டு: இத்தாலியின் சார்டீனியத் தீவு மக்களிடம், பாஃப் மரபணுவின் வால் பகுதியில் உள்ள ஒரு சிறு மாற்றம் இரத்தத்தில் பாஃபை உயர்த்துவதும், அது உள்ளவர்களுக்கு லூபஸ் வரும் வாய்ப்பு கூடுவதும் 2017-ல் வெளியான ஆய்வில் தெரிந்தது. இதோடு லூபஸ்காரர்களிடம் இன்டர்ஃபெரான் என்ற நோயெதிர்ப்புச் சமிக்ஞைப் புரதம் ஓங்கியிருக்கும். அது வெள்ளணுக்களைத் தூண்டி இன்னும் பாஃபைச் சுரக்கவைக்கும்.

பென்லிஸ்டாவின் எல்லை எது என்பதும் இதே படத்தில் இருக்கிறது. பாஃபுக்கு மூன்று ஏற்பிகள்: பாஃப்-ஆர், டாசி, பிசிஎம்ஏ. இளம் பி செல்லுக்கு முதலாவதுதான் உயிர். மஜ்ஜையில் குடியேறி ஆண்டுக்கணக்கில் ஆன்டிபாடி சுரக்கும் பிளாஸ்மா செல்களோ மூன்றாவதை நம்புகின்றன. அதற்கு ஏப்ரில் என்ற இன்னொரு புரதமும் தீனி போடும். அந்த ஏப்ரிலை பென்லிஸ்டா தொடுவதில்லை. பாஃப்-ஆர் ஏற்பியே இல்லாமல் பிறந்த உடன்பிறப்புகள் இருவரைப் பற்றி 2009-ல் ஓர் ஆய்வறிக்கை வந்தது. இருவருக்கும் பி செல் வளர்ச்சி இடைநிலையிலேயே தேங்கியிருந்தது, ஆன்டிபாடி வகைகளில் ஐஜிஜியும் ஐஜிஎம்மும் குறைவு. ஆனால் ஐஜிஏ சரியாகவே இருந்தது. பாஃப் வழி அடைபட்டாலும் ஆன்டிபாடி உற்பத்திக்கு வேறு வழி உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

இனி இரத்த ரிப்போர்ட்டுக்கு வரலாம். இளம் பி செல்கள் 8-வது வாரத்திலேயே குறைந்திருக்கும், 52-வது வாரம் வரை குறைந்தே இருக்கும். பழைய கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் மெமரி பி செல்களோ முதலில் கூடும், பிறகு மெல்ல மெல்லப் பழைய அளவுக்கு இறங்கும். இதைப் பார்த்து மருந்து எதிர்வினை செய்கிறதோ என்று பதறுகிறவர்கள் உண்டு. பதற வேண்டாம், இது எதிர்பார்த்ததுதான். திசுக்களில் தங்கியிருந்த மெமரி செல்கள் இரத்தத்துக்கு வருவதே காரணம் என்பது பலரும் ஒப்புக்கொள்ளும் விளக்கம். இரட்டை இழை டிஎன்ஏ ஆன்டிபாடி குறைவதும், நோயால் தேய்ந்துபோயிருந்த சி3, சி4 என்ற நோயெதிர்ப்புப் புரதங்கள் ஏறுவதும் 8 வாரத்திலிருந்தே தென்படலாம். லூபஸில் காணும் ரோ, லா என்ற வேறு ஆன்டிபாடிகள் பெரிதாக அசையாது. அவற்றைப் பெரும்பாலும் சுரப்பவை நீண்ட நாள் வாழும் பிளாஸ்மா செல்கள். லூபஸைக் கண்டறிய எடுக்கும் ஏஎன்ஏ பரிசோதனையை மூன்று மாதத்துக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப எடுப்பது காசுக்குப் பிடித்த கேடு.

மருந்து இரண்டு வடிவில் வருகிறது. டிரிப்பாக ஏற்றும் தூள் குப்பி ஒன்று; வீட்டிலேயே தோலுக்கடியில் போட்டுக்கொள்ளும் 200 மி.கி. பேனா இன்னொன்று.

டிரிப் என்றால் கிலோவுக்கு 10 மி.கி. முதல் நாள், 14-ம் நாள், 28-ம் நாள், அதன்பின் 4 வாரத்துக்கு ஒரு முறை. குப்பி 120 மி.கி., 400 மி.கி. என்ற இரண்டு அளவில் மட்டுமே வருவதுதான் சிக்கல். 52 கிலோ எடையுள்ளவருக்கு 520 மி.கி.; ஒரு பெரிய குப்பி, ஒரு சிறிய குப்பி, கச்சிதம். 55 கிலோ என்றால் 550 மி.கி.; இன்னொரு சிறிய குப்பியை உடைத்தாக வேண்டும், அதில் 90 மி.கி. வீண். அளவை இவ்வளவு சதவீதத்துக்குள் முழுமையாக்கிக்கொள்ளலாம் என்று சில மருத்துவமனைகளில் எழுதிவைத்த விதி உண்டு. இருக்கிறதா என்று முதல் டோஸுக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. எடையை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு குறையும்போது உடம்பும் இளைக்கும், போன வருட எடைக்குக் கலக்கிக்கொண்டிருந்தால் கூடுதல் குப்பி தேவையில்லாமல் உடையும்.

கலக்கும் இடத்தில்தான் அதிகம் கெடுகிறது. குப்பியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து 10 முதல் 15 நிமிடம் வெளியே வைக்க வேண்டும். 120 மி.கி. குப்பிக்கு 1.5 மி.லி., 400 மி.கி. குப்பிக்கு 4.8 மி.லி., ஊசி மருந்துக்கான தூய நீர். கலந்து முடித்ததும் இரண்டிலும் ஒரு மி.லி.க்கு 80 மி.கி. இருக்கும். நீரைத் தூளின் மேல் நேராகப் பீய்ச்சக் கூடாது. குப்பியின் பக்கச் சுவரில் படும்படி விட வேண்டும். பிறகு 5 நிமிடத்துக்கு ஒரு தரம், 60 விநாடி, உள்ளங்கையில் வைத்து மெல்லச் சுழற்ற வேண்டும். குலுக்கவே கூடாது. வழக்கமாக 10 முதல் 15 நிமிடத்தில் கரைந்துவிடும், சில நேரம் அரை மணி ஆகும். அவசரப்பட்டு இருமல் மருந்தைக் குலுக்குவது போலக் குலுக்கினால் நுரை கட்டும். நுரைக்குள் எத்தனை மி.லி. இருக்கிறது என்று யாராலும் அளந்து எடுக்க முடியாது. அதைவிடப் பெரிய கேடு, காற்றும் நீரும் உரசும் பரப்பில் ஆன்டிபாடிப் புரதம் உருக்குலைந்து ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். அந்தத் திரள் உடம்புக்குள் போனால் வேலை செய்யாததோடு, மருந்துக்கு எதிராகவே நோயெதிர்ப்பைக் கிளப்பிவிடவும் கூடும். சுழற்றுவதற்கு இயந்திரம் வைத்திருக்கும் இடங்களில் வேகம் நிமிடத்துக்கு 500 சுற்றுக்கு மேல் போகக் கூடாது, நேரமும் 30 நிமிடத்தைத் தாண்டக் கூடாது.

கரைந்த மருந்து நிறமற்றோ இளமஞ்சளாகவோ, லேசான பால் பளபளப்போடு இருக்கும். ஒன்றிரண்டு சிறு குமிழி இருந்தால் பரவாயில்லை. துகள் மிதந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். 550 மி.கி.க்கு 6.9 மி.லி. வேண்டும் என்றால், 250 மி.லி. சலைன் பையிலிருந்து முதலில் அதே 6.9 மி.லி. சலைனை உறிஞ்சிக் கொட்டிவிட்டு, பிறகு மருந்தைச் சேர்க்க வேண்டும். டெக்ஸ்ட்ரோஸ் பை ஆகவே ஆகாது. இந்த மருந்துக்கும் அதற்கும் ஒத்துவராது. வேறு எந்த மருந்தையும் அதே குழாயில் விடவும் கூடாது. ஏற்ற வேண்டிய நேரம் 1 மணி. தூளில் நீர் பட்ட நிமிடத்திலிருந்து டிரிப் முடியும்வரை மொத்தம் 8 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. நோயாளி வந்து படுக்கையில் உட்காரும் முன்பே 'ரெடி பண்ணி வைத்துவிடலாம்' என்று காலையிலேயே கலக்கிவைக்கும் வார்டுகளில் இந்தக் கடிகாரத்தை மறந்துவிடுவார்கள். அன்று காய்ச்சலென்று டோஸைத் தள்ளிவைத்தால் கலந்த மருந்து முழுக்கக் குப்பைத் தொட்டிக்குத்தான். எடை, காய்ச்சல், கிருமித்தொற்று மூன்றையும் பார்த்த பிறகு கலக்குவதே சரி.

ஒவ்வாமை பெரும்பாலும் முதல் இரண்டு டிரிப்பில்தான் வரும். ஆய்வுகளில் டிரிப் தொடர்பான தொந்தரவு மருந்து போட்டவர்களில் 17 சதவீதம், போலி மருந்து போட்டவர்களில் 15 சதவீதம். அதாவது மருந்தால் மட்டும் கூடியது கொஞ்சமே. உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை 0.6-க்கு 0.4 சதவீதம். ஆனால் அந்தக் கொஞ்சத்தில் ஒரு பகுதி தாமதமாக, வீட்டுக்குப் போன பிறகு, சில சமயம் சில நாள் கழித்துக்கூட வருகிறது: தடிப்பு, முக வீக்கம், தலைவலி, உடம்பு வலி, அயர்வு. லூபஸ்தான் கிளம்பிவிட்டது என்று நினைத்து வீட்டிலிருக்கும் ஸ்டீராய்டை எடுத்து விழுங்குவது இந்த இடத்தில் நடக்கும் பழக்கமான தவறு. முதல் இரண்டு டோஸுக்குச் சில மணி நேரமாவது மருத்துவமனையில் இருந்துவிட்டுப் போகலாம்.

பேனா எனக்குக் கேட்டால் டிரிப்பைவிட நல்ல பொருள். பெரியவர்களுக்கு எடைக் கணக்கு கிடையாது. வாரத்துக்கு ஒரு முறை 200 மி.கி., அவ்வளவுதான். சிறுநீரக அழற்சிக்கு மட்டும் முதல் 4 டோஸ் இரண்டு பேனா, அதாவது 400 மி.கி. மற்றபடி பெரியவர்கள் யாருக்கும் ஒன்றுதான். பேனாவைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து 30 நிமிடம் வெளியே வைக்க வேண்டும். வெந்நீரிலோ மைக்ரோவேவிலோ வைத்துச் சூடாக்கினால் புரதம் கெட்டுவிடும். மூடியைக் கழற்றியபின் 5 நிமிடத்துக்குள் போட்டுவிட வேண்டும். தொடையிலோ வயிற்றிலோ போடலாம்; தொப்புளைச் சுற்றி 5 செ.மீ. விட வேண்டும், வாரா வாரம் இடத்தை மாற்ற வேண்டும். தங்க நிறக் காப்பு முழுக்க உள்ளே போகும்வரை அழுத்தினால் முதல் 'கிளிக்' கேட்கும், சாளரத்தில் ஊதா நிறம் நகரத் தொடங்கும். இங்கேதான் பலர் கையை எடுத்துவிடுகிறார்கள். முதல் கிளிக் ஆரம்பம் மட்டுமே. இரண்டாவது கிளிக் கேட்டு, ஊதா நின்று, சாம்பல் நிற அடைப்பான் தெரியும்வரை பிடித்திருக்க வேண்டும். 15 விநாடி வரை ஆகலாம். பேனாவை எடுத்த பிறகு தோலில் ஒரு துளி ஈரம் இருந்தால் அது சாதாரணம். தாரையாக வழிந்தால் டோஸ் முழுதாகப் போகவில்லை. அதற்காக உடனே இன்னொரு பேனாவை எடுத்துக் குத்தக் கூடாது, மருத்துவரைக் கேட்டுத்தான்.

நம் ஊர் வெயிலுக்கு இதில் ஒரு எச்சரிக்கை. 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டிய மருந்து. 30 டிகிரிக்குள், வெளிச்சம் படாமல், 12 மணி நேரம் வரை வெளியே தாங்கும். அதற்கு மேல் போனால் திரும்பக் குளிர்பெட்டிக்குள் வைத்துப் புண்ணியமில்லை. சித்திரை மாதத்தில் பேருந்தில் எடுத்துப் போகும் பைக்குள் 30 டிகிரி எங்கே நிற்கப்போகிறது? ஐஸ் பேக் வைத்தால் பேனா அதை நேராகத் தொடாமல் துணி சுற்ற வேண்டும், ஏனென்றால் உறைந்தாலும் மருந்து கெட்டது கெட்டதுதான், கண்ணுக்குத் தெரியாது. வீட்டுக் குளிர்பெட்டியில் கதவுத் தட்டும் வேண்டாம், பின்சுவரை ஒட்டியும் வேண்டாம். நடுத் தட்டு.

சரி, பலன் எவ்வளவு? பெரிய ஆய்வுகள் எல்லாமே வழக்கமான மருந்துகளோடு கூடுதலாக இதைக் கொடுத்துப் பார்த்தவை. ஆசிய பசிபிக், லத்தீன் அமெரிக்கா, கிழக்கு ஐரோப்பா நாடுகளில் 865 பேரிடம் நடந்த பிளிஸ்-52 ஆய்வில், இந்தியாவும் அதில் இருந்தது, ஓராண்டு முடிவில் 10 மி.கி. பெற்றவர்களில் 58 சதவீதத்தினர் தேறினர். போலி மருந்துப் பிரிவில் 44. வட அமெரிக்கா, ஐரோப்பா பக்கம் நடந்த பிளிஸ்-76 ஆய்வில் 43-க்கு 34. அதுவும் 76-வது வாரத்தில் பார்த்தபோது வித்தியாசம் புள்ளியியல் கணக்கில் நிற்கவில்லை. விளம்பரத் தாள்களில் இது பெரிய எழுத்தில் வராது. பேனா ஆய்வில் 61-க்கு 48. கூட்டிக் கழித்தால், ஏழு முதல் பதினோரு பேருக்குக் கொடுத்தால் கூடுதலாக ஒருவர் தேறுவார். மோசமில்லை, அற்புதமும் இல்லை. 'தேறுதல்' என்று எண்ணியதும் கறாராகத்தான்: நோய் மதிப்பெண் குறைந்தது 4 இறங்க வேண்டும், எந்த உறுப்பிலும் புதிதாகப் பெரிய பாதிப்பு வரக் கூடாது, மருத்துவரின் ஒட்டுமொத்த மதிப்பீடும் சரியக் கூடாது.

யாருக்குக் கொடுத்தால் காசு வீணாகாது என்பதுதான் பெரிய கேள்வி. பாஃப் படத்தை வைத்தே ஊகிக்கலாம்: டிஎன்ஏ ஆன்டிபாடி இருந்து, சி3 அல்லது சி4 குறைந்திருப்பவர்களுக்கு. பி செல் கொதித்துக்கொண்டிருப்பதற்கு அடையாளம் அதுதான். இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்ததில், இந்தப் பிரிவினரில் 52-க்கு 32 என்று இடைவெளி 20 புள்ளியாக விரிந்தது. மூட்டு வலியும் அயர்வும் மட்டும் இருந்து, ஆன்டிபாடி இல்லாமல் சி3, சி4 சரியாக இருப்பவர் இந்த மருந்தில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். நாள்பட்ட அயர்வுக்குக் காரணம் தைராய்டா, இரத்தசோகையா, தூக்கக் கேடா என்று முதலில் பார்ப்பதே மேல்.

சிறுநீரகத்துக்கு 448 பேரிடம் 104 வாரம் நடந்த ஆய்வில் பலன் 43 சதவீதத்துக்கு 32 சதவீதம். முழுமையான பலன் 30-க்கு 20. நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளான மைக்கோஃபினோலேட்டோ, சைக்ளோபாஸ்பமைடும் பின் அசதயோப்ரினுமோ அடித்தளமாக இருக்க, அதன் மேல்தான் இது. பின்னர் பிரித்துப் பார்த்ததில், சிறுநீர்ப் புரத விகிதம் (கிரியேட்டினினோடு ஒப்பிட்ட புரத அளவு) 3-க்குக் கீழே இருந்தவர்களிடம்தான் கூடுதல் நன்மை தெளிவாகத் தெரிந்தது. புரதம் கொட்டிக்கொண்டிருக்கும் நிலையில் இதை நம்பி அடிப்படை மருந்தைத் தாமதிப்பது ஆபத்து. மூளை, நரம்பைத் தீவிரமாகத் தாக்கிய லூபஸுக்கும் இது பரிந்துரைக்கப்படவில்லை. வீடு பற்றி எரியும்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். விறகு வரும் வழியை அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது.

பாதுகாப்பில் பென்லிஸ்டா தன் கூட்டாளிகளைவிட நல்ல பெயர் எடுத்திருக்கிறது, அதற்கும் காரணம் அதன் எல்லைதான். பிளாஸ்மா செல்லையும் பழைய மெமரியையும் பெரிதாகத் தொடாததால், அம்மைக்கும் டெட்டனஸுக்கும் முன்பே சேர்த்துவைத்த ஆன்டிபாடி பெரும்பாலும் அப்படியே இருக்கும். பாஃப், ஏப்ரில் இரண்டையும் சேர்த்து அடைக்கும் அடாசிசெப்டை மைக்கோஃபினோலேட்டோடு சேர்த்துச் சிறுநீரக நோயாளிகளிடம் சோதித்தபோது, ஐஜிஜி சரிந்து கடும் தொற்றுகள் வந்து ஆய்வையே பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது. அதே வழியில் செயல்படும் டெலிடாசிசெப்ட் 2021-ல் சீனாவில் அனுமதி பெற்றது, ஆகவே அந்த வழியே தப்பு என்றும் சொல்லிவிட முடியாது. மிதக்கும் பாஃபோடு செல்லில் ஒட்டியிருக்கும் பாஃபையும் பிடித்த டபாலுமாப் கூடுதலாக எதையும் சாதிக்காமல் 2014-ல் கைவிடப்பட்டது. அதிகம் அடைத்தால் அதிகம் பலன் என்ற கணக்கு இங்கே செல்லாது.

ரிடுக்ஸிமாப் என்ற இன்னொரு மருந்தைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அது பி செல்லை நேரடியாகக் கொல்லும். கொன்றபின் பாஃபைக் குடிக்க ஆளில்லாததால் இரத்தத்தில் அது பெருகும். திரும்பி முளைக்கும் பி செல்கள் அந்தச் செழிப்பில் வளரும், சொந்த உடம்பைக் கடிப்பவையும் சேர்த்து. எனவே முதலில் ரிடுக்ஸிமாப், பிறகு பெலிமுமாப் என்று 52 பேரிடம் நடந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் டிஎன்ஏ ஆன்டிபாடியும் கடும் நோய்க் கிளர்ச்சியும் குறைந்தன. வரிசையை மாற்றி, பெலிமுமாபை ஆரம்பித்துவிட்டு இடையில் ரிடுக்ஸிமாப் கொடுத்த பெரிய ஆய்வு எதிர்பார்த்த பலன் தரவில்லை. எதை முன்னால் கொடுப்பது என்பதில் இவ்வளவு இருக்கிறது.

பக்க விளைவுகளில் குமட்டல், வயிற்றுப்போக்கு, சளி, காய்ச்சல், தூக்கமின்மை எல்லாம் சாதாரணம். சாதாரணம் இல்லாதது மனச்சோர்வு. ஆய்வுகளில் தற்கொலை எண்ணமும் முயற்சியும் பதிவாகியிருப்பதால் மருந்துத் தாளிலேயே எச்சரிக்கை உண்டு. மருந்து தொடங்கும் முன் பழைய மனச்சோர்வு இருந்ததா என்று கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது. இந்தக் கேள்வியைக் கேட்க நம் ஓ.பி.க்களில் நேரம் கிடைப்பதில்லை. வீட்டில் உள்ளவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள், அவர்களிடம் சொல்லிவைக்க வேண்டும்.

உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள், அதாவது எம்.எம்.ஆர்., சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல் போன்றவை, மருந்து தொடங்க 30 நாளுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். மருந்தோடு சேர்த்துப் போடவே கூடாது. நிமோகாக்கஸ் 23 வகைத் தடுப்பூசிக்கு மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதும் எதிர்வினை குறையவில்லை என்று சோதனையில் தெரிந்தது. முன்பின் பார்த்திராத கிருமிக்கான தடுப்பூசி என்றால் கதை வேறு, அதற்கு இளம் பி செல் தேவை; அவற்றைத்தானே பட்டினி போடுகிறோம். முடிந்தால் எல்லாவற்றையும் முன்னதாகப் போட்டுவிடுவதே புத்தி. கருத்தரிக்க நினைப்பவர்கள் கடைசி டோஸுக்குப் பிறகு 4 மாதம் வரை தள்ளிப்போட வேண்டும். இந்த மருந்தும் ஐஜிஜிதான், ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். கர்ப்ப காலத்தில் மருந்து பட்ட குழந்தைக்குப் பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. (உயிருள்ள கிருமி கொண்ட காசநோய்த் தடுப்பூசி) பற்றிக் குழந்தை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் பிரசவ வார்டிலேயே அந்த ஊசியைப் போட்டு அனுப்பிவிடுவார்கள், சொல்ல மறந்தால் திரும்ப எடுக்க முடியாது.

6 மாதம் முடிந்தும் நோயின் கட்டுப்பாட்டில் முன்னேற்றம் இல்லையென்றால் நிறுத்துவதைப் பற்றி யோசிக்கலாம் என்பது ஐரோப்பிய மருந்துக் குறிப்பு. அந்த 6 மாதத்தை ஒழுங்காக எண்ண வேண்டும் என்றால் தொடக்கத்தில் ஒரு அளவுகோல் இருக்க வேண்டும்: சி3, சி4, டிஎன்ஏ ஆன்டிபாடி, சிறுநீர்ப் புரத விகிதம், ஐஜிஜி, அன்றைய ஸ்டீராய்டு அளவு. இவை எழுதப்படாமல் தொடங்கிவிட்டு அரை வருடம் கழித்து 'பரவாயில்லைங்களா?' என்று கேட்டால் பதிலும் 'பரவாயில்லைங்க' என்றுதான் வரும். ஸ்டீராய்டைக் குறைக்கவே இல்லையென்றால் விலை கொடுத்து வாங்கியதில் பாதி லாபம் போச்சு; 2023 ஐரோப்பியப் பரிந்துரை நாளுக்கு 5 மி.கி. அல்லது அதற்குக் கீழே கொண்டுவரச் சொல்கிறது.

டிரிப்பிலிருந்து பேனாவுக்கு மாறுகிறவர்கள் கடைசி டிரிப்புக்கு 1 முதல் 4 வாரத்துக்குள் முதல் பேனாவைப் போட வேண்டும்; சிறுநீரக நோய்க்கு 1 முதல் 2 வாரம். அங்கே டிரிப் குறைந்தது 2 முறை முடிந்திருக்க வேண்டும். பேனாவில் ஒரு வாரம் விட்டுப்போனால் நினைவு வந்த அன்றே போட்டுவிட்டு, பழைய கிழமைக்குத் திரும்பலாம் அல்லது அந்தக் கிழமையையே புதுக் கிழமையாக வைத்துக்கொள்ளலாம். ஒரே நாளில் விட்டதற்கும் சேர்த்து இரண்டு போடக் கூடாது. நிறுத்தினாலும் மெதுவாகத்தான் விலகும். உடம்பில் அதன் அரை ஆயுள் 19 நாள் அளவு, முழுக்க வெளியேற மூன்று மாதத்துக்கு மேல். அந்த இடைவெளியில் ஒன்றும் ஆகவில்லையே என்று மைக்கோஃபினோலேட்டையும் கூடவே நிறுத்திவிடுகிறவர்களுக்கு நான்காவது, ஐந்தாவது மாதத்தில் சிறுநீர் நுரைக்கத் தொடங்கும்போதுதான் தெரியவரும்.